விமானத் தொழில் ஒரு ஊருக்கு எப்படி வருகிறது?

முதலீட்டாளர் மாநாடு முடிந்த மறுநாள் நாளிதழில் கோடிகள் வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்த்து ஒரு தரப்பு, "நம்ம ஊரில் இனி விமானம் செய்யப் போகிறார்கள்" என்று மகிழ்கிறது. இன்னொரு தரப்பு, "போன மாநாட்டில் போட்ட ஒப்பந்தமே இன்னும் வரவில்லையே" என்கிறது. இரு தரப்பும் ஒரே கணக்கில்தான் பேசுகின்றன: நிலம் கொடுத்தால், வரிச்சலுகை கொடுத்தால் கம்பெனி வர வேண்டும் என்ற கணக்கு. கார் தொழிலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். விமானத் தொழிலுக்குப் பொருந்தாது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

விமானத் தொழிற்சாலை என்றால் எது?

பெரும்பாலோர் மனதில் வருவது ஒரு பிரம்மாண்ட கூடாரம், உள்ளே முழு விமானம். அதற்குப் பெயர் இறுதிக் கோர்ப்பு ஆலை. எங்கெங்கிருந்தோ வந்த இறக்கை, உடற்பகுதி, இன்ஜின் எல்லாவற்றையும் கோத்து விமானமாக்கும் இடம். உலகில் இவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஏர்பஸ் ஏ320 குடும்பத்தை எடுத்துக்கொண்டால் துலூஸ், ஹம்பர்க், தியான்ஜின், மொபைல் என்று நான்கு நகரங்கள். இந்தியாவில் தனியார் துறையில் முழு ராணுவ விமானத்தைக் கோக்கும் ஆலை வதோதராவில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட டாடா–ஏர்பஸ் ஆலை. அதுவும் வந்தது, இந்திய விமானப்படை 56 சி295 போக்குவரத்து விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, அதில் 40 இங்கேயே செய்யப்பட வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால்.

ஆக, ஒரு மாநிலம் முயன்று பெறக்கூடியது பெரும்பாலும் கோர்ப்பு ஆலை இல்லை. அதற்குப் பாகம் கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகளைத்தான் பெற முடியும்.

திருப்பூரை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பியக் கடையில் தொங்கும் டி-ஷர்ட்டில் கடைக்காரரின் பெயர்தான் இருக்கும். அவருக்கு முன்னால் ஓர் ஏற்றுமதியாளர், அவருக்கு முன்னால் நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், காஜா பட்டன் என்று ஜாப் ஒர்க் செய்பவர்கள். விமானத்திலும் இதே ஏணிதான். பெயர் போட்டு விற்கும் ஏர்பஸ், போயிங் உச்சியில். இறக்கையின் ஒரு பகுதி, கதவு, சக்கரத் தொகுதி என்று முழுத் தொகுதியாகக் கொடுப்பவர்கள் முதல் அடுக்கு. அந்தத் தொகுதிக்குள் போகும் சிறு கோர்ப்புகளைச் செய்பவர்கள் இரண்டாம் அடுக்கு. ஒற்றைப் பாகங்களைக் கடைந்து கொடுப்பவர்கள் மூன்றாம் அடுக்கு. வேலைவாய்ப்பின் பெரும்பங்கு கீழ் இரண்டு அடுக்குகளில் இருக்கிறது. ஓசூர், கோவை, அம்பத்தூர் பட்டறைகள் நுழையக்கூடிய கதவும் அங்கேதான்.

ஒரு பிராக்கெட்டின் பயணம்

இரண்டாவது பாடமும் திருப்பூரிலிருந்துதான். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தையல் மெஷின்கள் அப்படியே இருந்தன, தையல்காரர்களும் இருந்தார்கள். ஆனாலும் துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சங்கிலியும் எப்படித் திணறும் என்பதை அந்த ஊர் கண்ணால் கண்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, இறக்கையில் பொருத்தும் உள்ளங்கை அளவு அலுமினிய பிராக்கெட் (பிற பாகங்களைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) ஒன்றைப் பின்தொடர்வோம்.

முதலில் உலோகம். 7050 போன்ற விமானத்தர அலுமினியம், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ஆலையிலிருந்துதான் வர வேண்டும். பிளேட்டோடு அது எந்த உருக்கிலிருந்து வந்தது, என்ன பலம் என்று சொல்லும் சான்றிதழ் வரும். அந்தத் தாள் தொலைந்தால் உலோகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

அடுத்தது கடைசல். கணினிக் கட்டளைப்படி ஐந்து அச்சுகளில் அசைந்து வெட்டும் சிஎன்சி மெஷினில் ஏற்றி வெட்டுவார்கள். சிக்கலான பாகங்களில் பிளேட்டின் பத்தில் ஒன்பது பங்கு சுருளாகக் கழிவது சாதாரணம். பிறகு பிசிறு எடுத்து, சிஎம்எம் என்ற அளவீட்டுக் கருவியில் வைத்து ஒவ்வோர் அளவையும் சரிபார்ப்பார்கள். நம் பட்டறைகள் திறமையாகச் செய்யும் பகுதி இது. பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சிரமம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டும்போது உலோகம் லேசாக இழுபட்டு விரிசலின் வாயை மூடியிருக்கும் என்பதால், முதலில் மேற்பரப்பை ரசாயனத்தில் நூலளவு அரித்தெடுப்பார்கள். பின் ஒளிரும் சாயத் திரவத்தில் நனைத்துப் பத்து நிமிடமாவது ஊற விட்டு, மேலே இருப்பதை மட்டும் கழுவி, உலர்த்தி, வெண்பொடி தூவுவார்கள். விரிசலுக்குள் தங்கிய சாயத்தைப் பொடி வெளியே உறிஞ்சும். இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் அது பச்சைக் கோடாக ஒளிரும். அறைக்குள் நுழைந்ததும் பரிசோதகர் உடனே பார்க்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி, தேர்வு, கண் பரிசோதனை என்று தனித் தகுதிச் சான்று வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பரிசோதனை செல்லாது.

பிறகு அனோடைசிங். பாகத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சி, சில மைக்ரான் தடிமனுக்குத் துருப்பிடிக்காத படலம் வளர்க்கும் முறை. தொட்டியின் அமில அளவு, வெப்பம், மின்னழுத்தம் எல்லாம் பதிவாக வேண்டும். பாகத்தோடு சில சோதனைத் தகடுகளும் தொட்டிக்குள் போகும். அந்தத் தகடுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் உப்புத் தூவல் அறையில் வைத்துப் பார்ப்பார்கள். பரவலாகப் புழங்கும் ஒரு விதிப்படி 336 மணி நேரம், அதாவது 14 நாள், தாங்க வேண்டும். படலம் ஏற்றிய பாகத்தை வெறும் கையால் தொட்டால் போச்சு. சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்தாக வேண்டும்.

அந்த "சில மணி நேரம்" என்பதைக் கவனியுங்கள். அனோடைசிங் ஓரிடத்திலும் பெயின்ட் 300 கிலோமீட்டர் தள்ளியும் இருந்தால் இந்தப் பாகத்தைச் செய்வது மிகவும் சிரமம்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: வெப்பப் பதனம் (உலோகத்தைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பலம் கூட்டுவது), அனோடைசிங், விரிசல் பரிசோதனை போன்றவற்றைச் சிறப்புச் செயல்முறைகள் என்பார்கள். முடிந்த பாகத்தை அளந்து பார்த்து இவை சரியாக நடந்தனவா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் பாகத்தைப் போலவே அதைச் செய்யும் முறைக்கும் சான்று கேட்கிறார்கள்.

சான்று என்பது என்ன?

நகைக்கடையில் இரண்டு வளையல்கள் ஒரே மாதிரி பளபளக்கும். ஹால்மார்க் முத்திரையைப் பார்த்துத்தான் நம்புகிறோம். விமானத் துறையில் அந்த நம்பிக்கை மூன்று படிகளில் வருகிறது.

முதல் படி ஏஎஸ் 9100. பலருக்கும் தெரிந்த ஐஎஸ்ஓ 9001 தர முறையின் மேல், விமானம், விண்வெளி, பாதுகாப்புத் துறைகளுக்கான கூடுதல் விதிகளைச் சேர்த்த தரநிலை. இது கம்பெனி முழுவதற்குமான சான்று. ஒரு பட்டறை மனது வைத்தால் ஓராண்டுக்குள் பெறலாம்.

இரண்டாவது நாட்கேப். மேலே சொன்ன சிறப்புச் செயல்முறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தரும் அங்கீகாரம். பெரிய விமான நிறுவனங்கள் சேர்ந்து 1990-இல் தொடங்கியது. தணிக்கையாளர் அலுவலக ஃபைலோடு திருப்தி அடைய மாட்டார். தொட்டி அருகே நின்று, ஓடிக்கொண்டிருக்கும் வேலையையே பார்ப்பார்.

மூன்றாவது முதல் பாகச் சோதனை. வரைபடத்திலுள்ள ஒவ்வோர் அளவுக்கும் ஒரு எண் கொடுத்து, முதலில் செய்த பாகத்தில் அது எவ்வளவு வந்தது என்று எழுதி, உலோகச் சான்று, பதனச் சான்று எல்லாம் கோத்து அனுப்ப வேண்டும். பிராக்கெட்டுக்கே நீண்ட பட்டியல் வரும். வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பிறகு மெஷினையோ முறையையோ இடத்தையோ பாதிக்கும் விதமாக மாற்றினால் மறுபடி சோதனை. இரண்டு ஆண்டு உற்பத்தி நின்றுபோனாலும் மறுபடி சோதனை.

விலைப்புள்ளி கேட்பதிலிருந்து முறையான சப்ளை தொடங்கும்வரை பொதுவாக ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். அதுவரை மெஷின் கடனுக்கு வட்டி ஓடும், சம்பளம் ஓடும், வருமானம் வராது. நல்ல பட்டறைகள் பல இந்த இடைவெளியில்தான் மூச்சு முட்டிப் பின்வாங்குகின்றன. அரசு உதவ வேண்டிய இடமும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மெஷின் வாங்க மானியம் கொடுத்துவிட்டு, ஆர்டர் வராத இரண்டு ஆண்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பட்டறையில் கடன்தான் மிஞ்சும்.

கார் பாகம் செய்பவருக்கு இது ஏன் கடினம்?

ஒரு விமானத்துக்கு இரண்டு பிராக்கெட், மாதம் 50 விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 100 பாகம். கார் பாகத்தில் அது ஒரு ஷிப்டின் சில நிமிட வேலை. கார் பட்டறையின் லாபம் ஒரே பாகத்தை லட்சக்கணக்கில், நொடி நொடியாக நேரம் குறைத்துச் செய்வதிலிருந்து வருகிறது. விமானப் பட்டறை 300 வகைப் பாகங்களை ஐம்பதும் நூறுமாகச் செய்து, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கட்டுத் தாள் வைத்துப் பிழைக்க வேண்டும். அதற்கு வேறு மாதிரித் திட்டமிடலும் வேறு மாதிரி ஆட்களும் தேவை. பலன் என்னவென்றால், உள்ளே நுழைந்துவிட்டால் பத்து இருபது ஆண்டு நிலைக்கும். மறுபடி சான்று வாங்கும் பாடு வாடிக்கையாளருக்கும் பிடிக்காது. ஜவுளி இயந்திரத்துக்குப் பெயர் பெற்ற கோவை எல்எம்டபிள்யூ தனி மையம் அமைத்து விமான, விண்வெளிப் பாகங்களுக்குள் போனது இந்தப் பாதையில்தான்.

பெலகாவியும் கெரெத்தாரோவும்

சங்கிலியை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்தின் பெலகாவி நல்ல சாட்சி. ஏக்கஸ் நிறுவனம் அங்கே சுமார் 250 ஏக்கரில் விமானப் பாகங்களுக்கென்றே சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்தது. கடைசல் அவர்களே. உலோகத்தை அடித்து வடிக்கும் ஃபோர்ஜிங்குக்குப் பிரான்சின் ஓபேர் எ துவால், அனோடைசிங் போன்ற மேற்பரப்புப் பதனத்துக்குக் கனடாவின் மெகெலன் ஏரோஸ்பேஸ் ஆகியவற்றோடு கூட்டு. பாகம் வளாகத்தை விட்டு வெளியே போகாமல் முடிந்துவிடும். பெலகாவி மாநிலத் தலைநகரமும் இல்லை, துறைமுகமும் இல்லை. இருந்தும் ஏர்பஸ் வரை பாகம் போகிறது.

மெக்சிகோவின் கெரெத்தாரோ இன்னொரு பாடம். அங்கே நடந்தவற்றின் வரிசை முக்கியம். 2004-இல் புதிய விமான நிலையம். அதன் அருகே 2006-இல் கனடாவின் பொம்பார்டியே வேலையைத் தொடங்கியது, முதலில் வெறும் மின்கம்பித் தொகுப்புகளோடு. கையால் கட்டும் வேலை, முதலீடு குறைவு, ஆட்களை விரைவாகப் பழக்கலாம். அந்த ஆட்கள் தேறத் தேற உடற்பகுதி போன்ற கட்டமைப்பு வேலைகள் வந்தன. 2007-இல் அரசு விமான நிலையத்தை ஒட்டியே விமானத் தொழிலுக்கென ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. குறுகிய காலப் பயிற்சியில் டெக்னீஷியன்களை உருவாக்குவதிலிருந்து அது ஆரம்பித்தது. அதே ஆண்டு, ஒரு நாட்டின் விமானச் சான்றை மற்ற நாடு ஏற்க வழிசெய்யும் விமானப் பாதுகாப்பு ஒப்பந்தமும் அமெரிக்காவுடன் கையெழுத்தானது. பிறகு பிரான்சின் சஃப்ரான் உள்ளிட்டோர் வந்தார்கள்.

தழும்பும் உண்டு. பொம்பார்டியே தன் லியர்ஜெட் 85 விமானத்தின் கார்பன் இழைக் கூட்டுப்பொருள் உடற்பகுதியை அங்கே செய்தது. 2015-இல் அந்த விமானத் திட்டமே கைவிடப்பட்டது. ஒற்றை நிறுவனத்தை நம்பி ஊரைக் கட்டினால் அதன் தும்மல் ஊருக்கே காய்ச்சலாகும். கெரெத்தாரோ தாங்கியதற்குக் காரணம், அதற்குள் மற்ற நிறுவனங்களும் அங்கே வேர்விட்டிருந்தன.

இரண்டு ஊர்களிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது: பாகம் ஊருக்குள்ளேயே முடிய வேண்டும், எளிய வேலையிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும், ஆட்களைத் தொழிலோடு சேர்த்தே உருவாக்க வேண்டும்.

நிலமும் சலுகையும்

நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். பெங்களூரு அருகே தேவனஹள்ளியில் விமானத் தொழில் பூங்காவுக்காக 1,777 ஏக்கர் எடுக்கும் முயற்சியை, விவசாயிகளின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2025 ஜூலையில் கர்நாடக அரசு கைவிட்டது. மூன்றாம் அடுக்குப் பட்டறைக்கு இரண்டு மூன்று ஏக்கரே தாராளம். விளைநிலத்தை ஆயிரக்கணக்கில் எடுப்பதைவிட, கட்டி முடித்த ஷெட், ஏற்ற இறக்கமில்லாத மின்சாரம், கழிவுநீர் சுத்திகரிப்பு மூன்றும் தயாராக இருப்பது மேல். டைட்டானியத்தில் பல மணி நேரமாக வெட்டு ஓடும்போது ஒரு கணம் மின்னழுத்தம் சரிந்தாலும் டூல் பாகத்தில் தடம் பதித்துவிடும். பாகம் கழிவு, அதற்கான உலோகத்தை மறுபடி வரவழைக்க மாதக்கணக்கு. அனோடைசிங் கழிவில் அமிலமும் கன உலோகமும் இருக்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் சிறு பட்டறை அந்தத் தொட்டியை வைக்கவே முடியாது. நொய்யல் பாடம் இங்கே மறுபடி வருகிறது.

சலுகைகளில் அடிக்கடி குழப்பத்தோடு பேசப்படுவது ஆஃப்செட். வெளிநாட்டிலிருந்து பெரிய ஆயுதமோ விமானமோ வாங்கும்போது, விற்றவர் ஒப்பந்த மதிப்பில் ஒரு பங்குக்கு இந்தியாவில் பொருள் வாங்கவோ முதலீடு செய்யவோ வேண்டும் என்ற நிபந்தனை. 2005-இல் நம் பாதுகாப்புக் கொள்முதலில் வந்தது. 2020 நடைமுறைப்படி 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல்களில் 30 சதவீதம், விதிவிலக்குகளோடு. இது கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். நிபந்தனைக்காக மட்டும் வந்த ஆர்டர், நிபந்தனை முடிந்ததும் போய்விடும். விலையிலும் தரத்திலும் நின்றவர்களிடம் மட்டும் தங்கும்.

தமிழ்நாட்டில் இருப்பதும் இல்லாததும்

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என ஐந்து முனைகள். 2022-இல் வந்த மாநிலக் கொள்கையின் இலக்கு, பத்து ஆண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, ஒரு லட்சம் வேலை. அடித்தளம் அதற்கு வெகு முன்பே உண்டு. குரோம்பேட்டை எம்ஐடியில் 1949 முதல் விமானப் பொறியியல் படிப்பு, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு மையம், ஓசூர் பெலகொண்டபள்ளியில் சொந்த ஓடுபாதையோடு விமானப் பாகங்கள் செய்யும் தனேஜா நிறுவனம்.

கடைசல் திறமை நம்மிடம் ஏராளம். தேவை, அந்தப் பாகத்தை முடித்துக் கொடுக்கும் பொதுப் பதன, சோதனை மையங்கள். ஒன்றிய அரசு 2020-இல் அறிவித்த பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம் இதற்கு உதவக்கூடியது. மொத்தம் 400 கோடி ரூபாய், ஒவ்வொரு மையத்தின் செலவிலும் 75 சதவீதம் வரை மானியம். தனிப் பட்டறை ஒவ்வொன்றும் கோடிகள் போட்டு ஒரே கருவியை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். குலசேகரப்பட்டினத்து ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் தென்மாவட்டங்களில் பெரிய எதிர்பார்ப்பு எழுந்திருக்கிறது. ஏவுதளம் என்பது ராக்கெட்டை ஏவும் இடம். ராக்கெட்டின் பாகங்கள் அங்கே உருவாக, தூத்துக்குடி, திருநெல்வேலி ஐடிஐகளில் வெல்டிங்கும் பரிசோதனையும் விண்வெளித் தரத்துக்கு இப்போதே கற்றுத்தர வேண்டும்.

அடுத்த அறிவிப்பைப் படிக்கும்போது

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது இரு தரப்பும் விருப்பத்தை எழுதிக்கொள்வது. பெண் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போவதைப் போல. பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. அதற்குப் பின் நில ஒதுக்கீடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு, கட்டட அனுமதி, மெஷின் இறக்குமதி, இயக்க இசைவு, ஏஎஸ் 9100, நாட்கேப், முதல் பாகச் சோதனை என்று வரிசை நீளும். எனவே ஓராண்டில் விமானப் பாகம் வெளியே போகவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நில ஒதுக்கீடே ஓராண்டு கழித்தும் நடக்கவில்லை என்றால் கேள்வி கேட்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகளில் மூன்று முக்கியமானவை. இந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர் யார்? பாகத்தின் பதனமும் பரிசோதனையும் எந்த ஊரில் நடக்கும்? உள்ளூர் பட்டறைகள் எத்தனைக்கு இது வேலை பிரித்துக் கொடுக்கும்? முதல் கேள்விக்கு ஒரு பெயரும், இரண்டாவதற்கு வண்டியில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊரும் பதிலாக வந்தால், அந்த அறிவிப்பில் சொல்லப்பட்ட கோடிகள் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.